மிச்சிகன் மேட்ச்: கொலம்பஸுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸில் குடியேறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளும், பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான்: எல்லாம் அமெரிக்க ஃபுட்பால் பற்றி, அதிலும் பக்கத்து மாநில மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு நம் அணி ஆடும் ஆட்டத்தைப் பற்றி. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். நான் ஒஹையோ ஸ்டேட் ரசிகன், நடுநிலை வேஷம் போடப்போவதில்லை. மேலிருந்து வரிசையாகப் படியுங்கள்; ஒருமுறை சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை.

ஃபுட்பால்னு சொல்றாங்க, காலால உதைக்கவே காணோமே?

கொஞ்சம் உதைப்பார்கள், பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் அல்லது எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். முடியவில்லை என்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பத்துக்குள் போட்டால் இன்னும் 1, மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2. டச்டவுன் வராது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே உதைத்து 3 எடுக்கலாம், அதுதான் ஃபீல்ட் கோல். முதல் மேட்சுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே சொல்லித் தருவார்.

பெயர் வந்த கதையும் உண்டு. 1869 நவம்பர் 6 அன்று நியூஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டம் என்று கணக்கு வைக்கிறார்கள். ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. அன்று அது நம் கால்பந்துக்குத்தான் நெருக்கமாக இருந்தது. பிறகு ரக்பி பக்கம் சாய்ந்து ஆட்டமே மாறிப்போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காலேஜ் பசங்க விளையாடுறதுக்கு ஒரு லட்சம் பேரா? நிஜமாவா?

நிஜம்தான். கொலம்பஸில் உள்ள ஒஹையோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியம் இன்னும் பெரிது, 1,07,601 இருக்கை. முதலாவது 1922இல் திறந்தது, இரண்டாவது 1927இல்.

காரணம் எளிது. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் மொத்தமே 32 அணிகள். அலபாமா மாதிரி எத்தனையோ மாநிலங்களுக்கு அதில் அணியே கிடையாது. காலேஜ் அணியோ தாத்தா காலத்திலிருந்து ஊரில் இருக்கிறது. அந்தக் காலேஜ் வாசலையே மிதிக்காதவர்கள்கூட அந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போக அந்த ஊரில் படித்திருக்க வேண்டுமா என்ன?

சீசன் எப்போ ஆரம்பிக்குது?

ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம். பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஆடுவார்கள், ஒரு அணிக்கு 12 ஆட்டம். அப்புறம் டிசம்பரில் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி. கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு குழு. நம்முடையது பிக் டென். பெயர் பத்து, இருப்பது பதினெட்டு. ஏன் என்று கேட்காதீர்கள். பிறகு 12 அணிகளின் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியே போகும் சுற்று; ஜனவரியில் தேசிய சாம்பியன் யார் என்பது தெரிந்துவிடும்.

மிச்சிகன்னு சொன்னாலே எல்லாரும் ஏன் முறைக்கிறாங்க?

முதலில் ஊர் எல்லைத் தகராறு. 1835இல் டொலீடோ நகரமும் அதை ஒட்டிய நிலப்பட்டையும் யாருக்கு என்று ஒஹையோ மாநிலமும் அன்றைய மிச்சிகன் பிரதேசமும் படை திரட்டின. யாரும் சாகவில்லை, ஒரே ஒரு அதிகாரிக்கு மட்டும் கத்திக்குத்து. கடைசியில் டொலீடோ ஒஹையோவுக்குப் போனது. ஈடாக வடக்கே இருக்கும் பெரிய தீபகற்பம் மிச்சிகனுக்குக் கிடைத்தது; 1837இல் அது மாநிலமும் ஆனது. அந்தக் காட்டில் பிற்பாடு செம்பும் இரும்பும் ஏராளமாகக் கிடைத்தன, அதனால் யார் ஏமாந்தார்கள் என்று இன்றும் வாதம் நடக்கிறது.

ஆனால் டொலீடோவை நினைத்து இன்று யாரும் பல்லைக் கடிப்பதில்லை என்பது என் எண்ணம். வன்மம் வளர்ந்தது மைதானத்தில்தான். முதல் ஆட்டம் 1897இல், மிச்சிகன் 34–0. ஆரம்ப வருடங்களில் ஒஹையோ ஸ்டேட் அடி வாங்கிக்கொண்டே இருந்தது. 1918 முதல் வருடம் தவறாமல் ஆடினார்கள். கொரோனாவால் 2020இல் மட்டும் நின்றது. 1935 முதல் இதைச் சீசனின் கடைசி ஆட்டமாக வைக்கும் வழக்கம் வந்தது. வருடம் முழுக்கச் சேர்த்த நல்ல பெயரைக் கடைசி நாளில் பங்காளி வந்து கெடுத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அந்தக் கடுப்புதான் இது.

பெரியவங்க எல்லாம் 'பத்து வருஷப் போர்'னு பேசிக்கிறாங்களே, அது என்ன?

1969 முதல் 1978 வரை இரண்டு கோச்சுகள் மோதிய காலம். இங்கே வுடி ஹேய்ஸ், அங்கே போ ஷெம்பெக்லர். போ, வுடியிடம் ஆடியவர், அவருக்கு உதவிக் கோச்சாகவும் இருந்தவர். குருவும் சிஷ்யனும் எதிரெதிரே நின்றார்கள். 1969இல் நாட்டின் முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை மிச்சிகன் 24–12 என்று கவிழ்த்ததில் தொடங்கியது. பத்து ஆட்டத்தில் சிஷ்யன் 5, குரு 4, ஒன்று சமன்.

அந்தச் சமன்தான் வினையே. 1973இல் 10–10. இருவருமே தோற்காத அணிகள். சீசன் முடிந்தபின் நடக்கும் பெருமைக்குரிய ரோஸ் போல் ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று கான்ஃபரன்ஸ் வாக்கெடுத்து ஒஹையோ ஸ்டேட்டை அனுப்பியது. மிச்சிகன்காரர்களுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. வுடியின் முடிவு கசப்பானது: 1978 சீசன் கடைசியில் கேட்டர் போல் ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரைக் கைநீட்டி அடித்தார், வேலை போயிற்று. போ 2006 நவம்பர் 17 அன்று காலமானார். மறுநாளே நாட்டின் முதலிடமும் இரண்டாமிடமும் மோதிய ஆட்டம். ஒஹையோ ஸ்டேட் 42–39. அந்த நாளைப் பற்றி இங்கே யாரும் சத்தமாகக் கொண்டாடிப் பேசி நான் கேட்டதில்லை.

நவம்பர்ல கேம்பஸ் பலகை எல்லாத்துலயும் எம் எழுத்து மேல சிவப்பு டேப் ஒட்டியிருக்காங்க. யாராவது விஷமம் பண்றாங்களா?

விஷமம் இல்லை, மரபு. மிச்சிகன் வாரம் வந்தால் கண்ணில் படும் எம் எழுத்துக்கெல்லாம் குறுக்கே எக்ஸ் போட்டுவிடுவார்கள். பேச்சிலும் 'மிச்சிகன்' வராது, 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'ஒஹையோ ஸ்டேட்' என்று முழுப்பெயர் சொல்லாமல் வெறும் 'ஒஹையோ' என்பார்கள். அதுவும் ஒரு குத்தல்தான், ஒஹையோ என்ற பெயரில் வேறொரு பல்கலைக்கழகம் இதே மாநிலத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது தங்கக் கால்சட்டை. 1934இல் புதிதாக வந்த கோச் ஃபிரான்சிஸ் ஷ்மிட், 'அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள்' என்ற பொருளில் ஒன்று சொன்னார். அதிலிருந்து மிச்சிகனை ஜெயிக்கும் அணியின் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் விரல் நுனி அளவில் ஒரு தங்கக் கால்சட்டைப் பதக்கம். சாம்பியன் மோதிரம் வைத்திருப்பவர் கையில் இது இல்லாமல் போகலாம். அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

2024 சீசன்ல தேசிய சாம்பியன் ஆயிட்டாங்களே, அப்புறமும் ஏன் புலம்புறாங்க?

இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். 2024 நவம்பர் 30, கொலம்பஸ். மிச்சிகனுக்கு அந்த வருடம் சுமாரான அணி, ஏற்கெனவே ஐந்து தோல்வி. நாம் சுமார் மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று பேச்சு. 45 விநாடி மிச்சமிருக்கும்போது அவர்கள் ஒரு ஃபீல்ட் கோல் போட்டார்கள், 13–10. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. அதற்கு முன் 2012 முதல் 2019 வரை எட்டு முறை தொடர்ந்து நாம் ஜெயித்தோம் என்பதையெல்லாம் யாரும் நினைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து மிச்சிகன் ஆட்கள் நம் மைதானத்தின் நடுவில் கொடியை நடப்போக, அடிதடி. போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கான்ஃபரன்ஸ் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. கொடி நடுவதைக் கடுங்குற்றம் ஆக்கவேண்டும் என்று ஒஹையோ சட்டசபை உறுப்பினர் ஒருவர் மசோதாவே கொண்டுவந்தார். சிரிக்காதீர்கள், நிஜம்.

அப்புறம் அதே அணி பிளேஆஃபில் டென்னசி, ஓரிகன், டெக்சஸ் மூவரையும் வீழ்த்தி, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34–23 என்று வென்று சாம்பியன் ஆனது. ஊரே ஆடியது. ஆனால் அந்த இரவு பேசிய ஒவ்வொரு நண்பனும் எங்காவது ஓரிடத்தில் 'இருந்தாலும் அந்த மிச்சிகன் மேட்ச்...' என்று இழுத்தான். நானும்தான். கல்யாணச் சாப்பாட்டில் எல்லாம் நன்றாக இருந்து ரசம் மட்டும் தீய்ந்துபோன மாதிரி.

ஒரு இடத்துல மிச்சிகனோட நாம 52 வெற்றின்னு போட்டிருக்கு, இன்னொருத்தர் 53ன்னு சொல்றார். எது சரி?

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. 2025 ஆட்டத்தோடு அதிகாரபூர்வக் கணக்கு மிச்சிகன் 62, ஒஹையோ ஸ்டேட் 52, சமன் 6. 1996இல் கூடுதல் நேரம் வந்துவிட்டதால் இனிச் சமன் ஆகாது.

அந்த 53ஆவது, 2010இல் 37–7 என்று நாம் ஜெயித்தது. சில ஆட்டக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த பரிசுப் பொருட்களைப் பணத்துக்கும் பச்சை குத்துவதற்கும் விற்றிருந்தார்கள். விற்றதில் மேலே சொன்ன தங்கக் கால்சட்டையும் அடக்கம். கோச் ஜிம் டிரெசலுக்கு விஷயம் தெரிந்தும் மேலே சொல்லவில்லை, 2011இல் பதவி விலகினார். அந்தச் சீசனின் வெற்றிகள் எல்லாம் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன. டிரெசல் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: 2025இல் ஒஹையோவின் துணை ஆளுநர் ஆனார். மிச்சிகனைத் திரும்பத் திரும்ப ஜெயித்தவருக்கு இந்த மாநிலம் எதையும் மன்னிக்கும்.

மிச்சிகன் ஏமாத்தித்தான் அந்த மூணு வருஷம் ஜெயிச்சாங்களாமே?

2021, 2022, 2023 வெற்றிகளைச் சொல்கிறீர்கள். கோச்சுகள் ஓரத்தில் நின்று கைச்சைகையில் ஆட்டத் திட்டத்தைச் சொல்வார்கள். ஆடும்போதே எதிரணி சைகையைப் பார்த்துப் புரிந்துகொள்வது தப்பில்லை. அடுத்து ஆடப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பார்ப்பது 1994 முதல் தடை. மிச்சிகன் ஊழியர் ஒருவர் டிக்கெட் வாங்கி ஆட்களை அனுப்பிச் சைகைகளைப் படம் எடுக்கவைத்தார் என்பது 2023 அக்டோபரில் வெளிவந்தது. கோச் ஜிம் ஹார்பா அந்தச் சீசனின் கடைசி மூன்று ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டார், நம் ஆட்டமும் அதில் ஒன்று. அவர் இல்லாமலே மிச்சிகன் 30–24 என்று ஜெயித்து, பிறகு தேசிய சாம்பியனும் ஆனது. 2025 ஆகஸ்டில் பெரிய அபராதமும் நான்கு வருடக் கண்காணிப்பும் தண்டனையாக வந்தன. வெற்றிகளை மட்டும் பறிக்கவில்லை.

இங்கே உள்ளவர்கள் 'திருடர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஒரு சங்கடம் உண்டு. 2024இல் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோ வைத்துவிட்டார்கள், திருடுவதற்குச் சைகையே அவ்வளவாக இல்லை. அந்த வருடமும் 13–10. நாம் ஒழுங்காக ஆடவில்லை.

இந்த மாதிரி பகை மத்த ஊர்லயும் இருக்கா, இல்ல இங்க மட்டும்தானா?

நிறைய. அலபாமாவும் ஆபர்னும் 1893இல் ஆடத்தொடங்கி, 1907க்குப் பிறகு சண்டைபோட்டு 1948 வரை ஆடாமலே இருந்தன. 2013இல் கடைசி விநாடியில் அலபாமா உதைத்த ஃபீல்ட் கோல் எட்டாமல் விழ, ஆபர்னின் கிரிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் போட்டார், 34–28. அந்தப் பகையின் அசிங்கமான முகமும் உண்டு. 2010இல் தோற்ற ஆத்திரத்தில் அலபாமா ரசிகர் ஒருவர், ஆபர்ன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடக் கூடும் இடத்திலிருந்த ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். தானே வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பெருமையும் பேசினார். சிறைக்குப் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013இல் வெட்டினார்கள்.

டெக்சஸும் ஓக்லஹோமாவும் டல்லாஸில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும்போது ஆடும். ஸ்டேடியம் நடுக்கோட்டில் சரிபாதியாக இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்பது பார்க்க அழகு. தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டம் வேறு ரகம். முடிந்ததும் தோற்றவர்களின் கல்லூரிப் பாட்டை முதலில் பாடி, பிறகு ஜெயித்தவர்களின் பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். நம்மவர்களிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

பசங்களுக்கு சம்பளம் உண்டாமே? அப்ப அது காலேஜ் விளையாட்டு எப்படி?

2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்து, பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருட வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். லட்சம் பேரிடம் டிக்கெட் விற்றவர்கள் ஆடுகிறவனுக்கு ஒன்றும் தராமல் இருந்ததுதான் எனக்கு அநியாயமாகப் பட்டது.

ஆனால் இடம் மாறுவதும் சுலபமாகிவிட்டது. ஜனவரியில் வேறு காலேஜிலிருந்து வந்த பையன் நவம்பருக்குள் மிச்சிகனை வெறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

12 டீம் பிளேஆஃப் வந்துடுச்சு. ஒரு மேட்ச் தோத்தா என்ன? இனி மிச்சிகன் மேட்சுக்கு மதிப்பு குறையாதா?

நியாயமான கேள்வி. 1973இலோ 2006இலோ இந்த ஆட்டம் கையைவிட்டுப் போனால் சாம்பியன் பட்டக் கனவும் போச்சு. 2014இல் நான்கு அணி பிளேஆஃப் வந்தது, 2024இல் பன்னிரண்டு ஆனது. தோற்றும் சாம்பியன் ஆகலாம் என்பதை முதல் வருடமே நாமே காட்டிவிட்டோம்.

ஆனாலும் தேசியப் பட்டத்தை வைத்து மட்டும் இந்த ஆட்டத்தை இங்கே யாரும் எடைபோட்டதே இல்லை. ஜான் கூப்பர் என்று ஒரு கோச், 1988 முதல் 2000 வரை 111 ஆட்டம் ஜெயித்தார். மிச்சிகனோடு 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் 27–9 என்று ஜெயித்தபோது ஊர்விட்ட பெருமூச்சையும் நான் கேட்டேன். அதற்கு அடுத்த வாரம் கான்ஃபரன்ஸ் இறுதியில் இந்தியானாவிடம் தோற்றோம், பிளேஆஃபிலும் சீக்கிரம் வெளியே. புலம்பல் இருந்தது, ஆனால் குரலில் அந்த எரிச்சல் இல்லை. 2024ஐயும் 2025ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதில் தெரியும்.

எனக்கு உள்ள பயம் வேறு. தொலைக்காட்சிப் பணத்துக்காக அணிகள் கான்ஃபரன்ஸ் தாவுவதால் பழைய ஆட்டங்கள் நின்றுபோகின்றன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023க்குப் பிறகு ஆடவில்லை. நல்ல பக்கமும் உண்டு, 2011இல் நின்ற டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் 2024இல் திரும்ப வந்தது.

சரி, 2026 எப்படி இருக்கும்?

நடப்பு சாம்பியன் இந்தியானா. எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது, காலங்காலமாகத் தோல்விக்குப் பெயர்போன அணி அது. ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வாங்கினார்கள். இந்த வருடம் நாம் அவர்கள் ஊருக்கே போய் ஆடவேண்டும். செப்டம்பர் 12 அன்று ஆஸ்டினில் டெக்சஸ். ஓரிகன் கொலம்பஸுக்கு வருகிறது. லேசான அட்டவணை இல்லை. எறிந்த பந்தைப் பிடிப்பதில் நம் நட்சத்திரமான ஜெரமையா ஸ்மித் மூன்றாம் வருடமும் நம் பக்கம் என்பது தெம்பு. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல் சேர்க்காது என்பதால் அங்கே போகவும் வழியில்லை.

மிச்சிகனில் கோச் மாறிவிட்டார். யூட்டாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த கைல் விட்டிங்ஹாம் வந்திருக்கிறார். பொறுமையான, அனுபவசாலி மனிதர். அதனால்தான் கவலையாக இருக்கிறது. ஆட்டம் நவம்பர் 28, கொலம்பஸில்.

அப்பா அம்மா வந்திருக்காங்க, மிச்சிகன் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகலாமா அண்ணா?

வேண்டாம். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலையை ரூபாயில் மாற்றிச் சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார். நவம்பர் கடைசிக் குளிரில் வெறும் பலகையில் மூன்றரை மணி நேரம் உட்காரவும் முடியாது. செப்டம்பரில் சின்ன அணி ஒன்றோடு ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். முன்கூட்டியே போய் உட்காருங்கள், பேண்ட் வாத்தியக் குழு நடந்தபடியே மைதானத்தில் 'ஒஹையோ' என்று எழுதுவதைத் தவறவிடக்கூடாது. கடைசியில் பெரிய குழல் வாசிக்கும் ஒருவர் ஆடிக்கொண்டே போய் 'ஐ' எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். இப்படி 'ஒஹையோ' எழுதுவது 1936 முதல் நடக்கிறது. என் அம்மாவுக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை, அந்தப் புள்ளியை மட்டும் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

சட்டை மட்டும் கவனம். அப்பாவின் நீலச் சட்டையும் அம்மாவின் மஞ்சள் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது முழு மிச்சிகன். யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் நாள் முழுக்கக் கிண்டல். சிவப்பு அல்லது சாம்பல் போட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட 'ஓ-ஹெச்' என்று கத்துவார்கள். நீங்கள் 'ஐ-ஓ' என்று கத்தவேண்டும். அவ்வளவுதான் மொழி. ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு: மிச்சிகன் ஆட்டம் வழக்கமாக இங்கே பகல் 12 மணிக்கு, நம் ஊரில் இரவு 10.30.

நான் எம்.எஸ். பண்ணது மிச்சிகன்ல, இப்போ வேலை கொலம்பஸ்ல. நான் யார் பக்கம்?

மிச்சிகன் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். வேலைக்காகக் கட்சி மாறுகிறவரை இரண்டு ஊரிலும் மதிக்கமாட்டார்கள். 28ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நீலச் சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை, சோஃபாவில் ஓரமாக ஓரிடம் உண்டு. மதியத்துக்கு மட்டன் பிரியாணி. மிச்சிகன் முன்னால் இருந்தால் உங்களுக்குத் தயிர்சாதம்.